ஒரு புகாரும் இல்லாத கவர்னர்

எங்கள் தீவுக்கு மழை தினமும் வரும். கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். லிமாவிலிருந்து கிளம்பி, வாரக்கணக்கில் கடலோடு சண்டை போட்டு, சான் மார்செலோ துறைமுகத்தில் வந்து நிற்கும்போது, தான் எதற்காக வந்தோம் என்பதே அதற்கு மறந்திருக்கும். உப்பு, இரும்பு, மெழுகுவர்த்தி, ஸ்பானிய மன்னரின் ஆணைகள், எப்போதாவது ஒரு புதிய கவர்னர் என எல்லாம் அதில்தான் வந்து இறங்கும். இவற்றில் நாங்கள் கேட்டு அனுப்பியது உப்பும் இரும்பும் மட்டும்தான்.

என் பெயர் எவரிஸ்தோ. கவர்னர் அலுவலகத்தின் எழுத்தர். இதுவரை மூன்று கவர்னர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். இந்த ஈரத்தில் மை உலர வெகுநேரம் ஆகும். அதுவரை காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அப்படி உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். யோசித்ததைச் செய்வதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும்.

மூன்றாவது கவர்னர் தோன் கஸ்பார் தே ஓலாவரியா. மன்னரின் காலாட்படையில் கர்னல், சான் மார்செலோ தீவுகளின் கவர்னர், கோட்டைத் தளபதி, தலைமை நீதிபதி. இத்தனையும் ஒரே ஆள். கோட்டையில் உட்காரத் தக்க நாற்காலி ஒன்றே ஒன்று இருந்ததால் அதுவும் வசதியாகவே போயிற்று. அவருக்குக் கீழே முப்பத்திரண்டு சிப்பாய்கள். அந்த முப்பத்திரண்டு பேருக்குப் பத்தொன்பது ஜோடி பூட்ஸ். நான்கு பீரங்கிகள், அவற்றில் ஒன்றில் கோழி அடைகாத்தது. ஆங்கிலேயர் வந்துவிடுவார்கள் என்று பயந்து மன்னர் எங்களுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு இது. ஆங்கிலேயர் வராததற்கு மழைதான் காரணம் என்பது என் கட்சி.

ஆண்டுதோறும் கவர்னர் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவார். தன் வீரதீரங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, வெயில் அடிக்கிற ஊரில் ஒரு பதவி கொடுங்கள் என்று கேட்கும் விண்ணப்பம். அதை எழுதுவது நான். இத்தாலியில் ஏதோ ஒரு பாலத்தில் அவர் காலில் காயம்பட்டதாம். முதல் வருஷத்து விண்ணப்பத்தில் அந்தப் பாலத்தில் எதிரிகள் நாற்பது பேர். ஆறாவது வருஷத்தில் நானூறு. பாலத்தையும் நான் அதற்குத் தகுந்தபடி நீட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை திமிங்கலம் பிடிக்கும் ஆங்கிலக் கப்பல் ஒன்று வழிதவறி வந்து குடிதண்ணீர் கேட்டது. கொடுத்தோம். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். விண்ணப்பத்தில் அது, 'எதிரியின் போர்க்கப்பலை ஒரு குண்டும் வீணாக்காமல் துரத்தியடித்தது' என்று ஆயிற்று.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சாக்லேட் விஷயம் அப்படியல்ல.

மூன்று வருஷத்துக்கு முந்தைய குளிர்காலம். வடக்குக் காற்று பலமாக இருந்ததால் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வர முடியாமல், கடற்கால்வாய்க்கு அப்பால் உள்ள தீவில் ஒதுங்கி நின்றது. அதில் கவர்னருக்கு ஒரு பெட்டி சாக்லேட் இருந்தது. அவர் வீட்டில் சாக்லேட் தீர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. படகோட்டி லிபோரியோவை வரவழைத்தார்.

"ரெண்டு நாள் பொறுங்க ஐயா. காத்து திரும்பிரும்" என்றான் லிபோரியோ.

"காத்துக்கு நான் கவர்னரா, எனக்குக் காத்து கவர்னரா?" என்றார் தோன் கஸ்பார். பிறகு என்னைப் பார்த்து, எழுது என்றார். எழுதினேன். 'உடனே, ஒரு சாக்கும் சொல்லாமல்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். உடன் போக வேண்டிய இரண்டு பேரும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார்கள். லிபோரியோவுக்குப் பொய் சொல்ல வராது. தனியாகப் போனான். போய்ச் சேர்ந்தான், பெட்டியை ஏற்றினான், திரும்பி வரும்போது படகுப் பலகைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த தையல் பிரிந்துவிட்டது. அவன் கிடைக்கவில்லை. பெட்டிக்கு நன்றாகத் தார் பூசியிருந்ததால் மூன்றாம் நாள் அது மட்டும் பத்திரமாகக் கரை ஒதுங்கியது.

"கொஞ்சம் உப்புக் கரிக்குது" என்றார் கவர்னர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு.

லிபோரியோவின் மனைவி ரெமிஹியா எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டைக் கடந்துதான் நான் தினமும் கோட்டைக்குப் போவேன். வாசலில் உட்கார்ந்து சிப்பிகளை உடைத்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்ப்பாள். நான் வானத்தைப் பார்ப்பேன். எங்கள் வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

போன கப்பலுக்கு முந்தைய கப்பலில் தோன் கஸ்பாரின் பதவி முடிந்துவிட்டது என்ற ஆணையும், அவருடைய இடத்துக்கு வந்த தோன் இசிதோரோ தே வால்கார்செலும் சேர்ந்து இறங்கினார்கள். வெள்ளைப் பட்டுக் காலுறையோடு படகிலிருந்து கால் வைத்த புதியவர், முழங்கால்வரை சேற்றில் புதைந்தார்.

"இது எப்போ நிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"எது ஐயா?"

"மழை."

யோசித்துப் பார்த்தேன். "மார்ச்சுல ஒருநாள் நின்னுச்சுங்க ஐயா" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு அன்று முழுவதும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் கவனித்திருக்க வேண்டும். மௌனத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் மன்னரின் ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதவி முடிந்த கவர்னர் உடனே மூட்டை கட்டிவிட முடியாது. முப்பது நாள் ஊரிலேயே இருக்க வேண்டும். சதுக்கத்தில் முரசு அடிப்பார்கள். ஸ்பானியரோ, இந்தியர் என்று அவர்கள் சொல்லும் உள்ளூர்ப் பழங்குடியோ, ஏழையோ, பணக்காரரோ, இந்தக் கவர்னரால் அநியாயம் பட்டவர் யாராயிருந்தாலும் பயமில்லாமல் வந்து சொல்லலாம் என்று கூவுவார்கள். நீதிபதி விசாரித்துத் தீர்ப்பு எழுதுவார். கேட்கவே குளிர்ச்சியான ஏற்பாடு. பெரும்பாலும் அந்த நீதிபதி, அடுத்து பதவிக்கு வந்திருக்கும் கவர்னர்தான்; எங்களுக்கு அது தோன் இசிதோரோ. தனக்கும் ஒருநாள் இதே நாற்காலி காத்திருக்கிறது என்று அறிந்தவர் எவ்வளவு கடுமையாக விசாரிப்பாரோ அவ்வளவு கடுமையாக விசாரணை நடக்கும்.

ஆனால் புகார் என்று ஒன்று வந்துவிட்டால், அதுவும் உயிர் போன புகாராக இருந்தால், சாட்சி, மறுசாட்சி, காகிதம் என்று இழுத்துக்கொண்டே போகும். கப்பல் முப்பத்தோராம் நாள் கிளம்பிவிடும். கவர்னர் இன்னொரு வருஷம் மழையில் நனைய வேண்டும். தோன் கஸ்பாருக்கு அந்த நினைப்பிலேயே இருமல் வந்துவிட்டது.

"எவரிஸ்தோ, ஒரு புகார்கூட வரக்கூடாது" என்றார். "ஒரு முனகல் கூட. நான் இந்தக் கப்பல்ல போயாகணும். லிமாவுல என் மச்சினன் உயர் நீதிமன்றத்துல இருக்கான். அவன் வீட்டு மாடியில வெயில் விழும். தெரியுமா உனக்கு, வெயில்னா என்னன்னு?"

"கேள்விப்பட்டிருக்கேன் ஐயா."

அன்று மத்தியானம் பாஸ்குவாலாவின் ஆப்பிள் சாராயக் கடையில் ஊர் கூடியது. பாஸ்குவாலா பருத்த பெண்மணி. கையில் எப்போதும் ஒரு அகப்பை இருக்கும். அது கிளறுவதற்கா அடிப்பதற்கா என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது.

"என் மச்சானை ரெண்டு வாரம் தொழுவுல கட்டி வெச்சான். எதுக்கு? தொப்பியைக் கழட்டலையாம். தலையில கட்டி இருக்குன்னு சொன்னா கேட்டானா?" என்றான் கொல்லன்.

"போய்ச் சொல்லேன்" என்றாள் பாஸ்குவாலா. "சொல்லு. விசாரிப்பாங்க. கட்டி பெருசா, தொப்பி பெருசான்னு ஆறு மாசம் விசாரிப்பாங்க. கப்பல் போயிரும். அந்தாளு இங்கயே உக்காந்து இன்னொரு வருஷம் உன் மச்சானைத் தேடித் தேடிக் கட்டுவான்."

"அப்ப என்னதாங்கறே?"

"புகழு. வாய் வலிக்கப் புகழு. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட நொண்டி மாப்பிள்ளையைப் புகழற மாதிரி புகழு. தலையில கட்டிட்டு வந்துரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிப்ரியானோ சாமியாரும் சிரித்தார். பொய்ச் சத்தியம் பாவமாயிற்றே என்று யாரோ கேட்டதற்கு, "ஒருத்தனை மனசார வழியனுப்பி வெக்கறதும் ஒரு தர்மம்தான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

எல்லாம் முடிவாயிற்று. மிஞ்சியது ரெமிஹியா மட்டும். அவளிடம் பேச யாரை அனுப்பலாம் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் அடுப்பருகில் உருளைக்கிழங்கு வாட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் சுற்றி வளைத்து, கப்பல், காற்று, சட்டம் எல்லாம் சொல்லி முடித்தேன்.

"அப்ப எதுக்கு முரசு அடிக்கறாங்க?" என்றாள்.

"வழக்கம்."

"யார் வேணா வந்து சொல்லலாம்னு கத்தறாங்களே."

"சொல்லலாம் ரெமிஹியா அக்கா. சொன்னா அந்தாளு போக முடியாது. நீ தினமும் அந்த முகத்தைப் பார்க்கணும். அவன் தொலைஞ்சா உனக்கும் நிம்மதி இல்லையா?"

கிழங்கைத் திருப்பிப் போட்டாள். வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. உன் புருஷனுக்குப் போன ஆணை என் கையால் எழுதியது என்று. அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். இடையில் கிழங்கு கருகிக்கொண்டிருந்தது.

"நான் வந்து அந்தாளு நல்லவன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில்.

"சொல்ல வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

அவள் பெயரை சாட்சிப் பட்டியலில் எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று கவர்னரிடம் சொன்னேன்.

பிறகு புகழ்மாலை ஆரம்பித்தது. சிலுவையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கொல்லன், கவர்னரின் கருணையால் தன் மச்சான் பணிவு கற்றுக்கொண்டான் என்றான். பாஸ்குவாலா, கவர்னரைப் போல ஒழுக்கமான ஆண்மகனைத் தன் கடையில் பார்த்ததே இல்லை என்றாள். அது உண்மைதான், அவர் குடிப்பதற்கு ஆள் அனுப்பித்தான் வாங்குவார். கோழிக்குப் பீரங்கியைக் கொடுத்த உத்தமர் என்று ஒரு சிப்பாய் கண்கலங்கினான். மொத்தம் அறுபத்தேழு பேர். நான் எழுதினேன். சும்மா எழுதினேனா? அவர்கள் தடுமாறிய இடத்தில் சொல் கொடுத்தேன். வாக்கியங்களைச் சீவிச் சிங்காரித்தேன். முத்தாய்ப்பாக ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் ஒரு வரி சேர்த்தேன்: 'இவர் எங்களை விட்டுப் பிரிந்தால் இத்தீவு தகப்பனை இழந்த வீடாகும்.'

அந்த வரி என் சொந்தச் சரக்கு. யாரும் கேட்கவில்லை. எழுதியபோது எனக்கே அது பிடித்திருந்தது.

இருபத்தாறாம் நாள் தோன் இசிதோரோ எங்களை ஆலயத்துக்கு முன்னால் கூட்டினார். அவருக்கு ஜலதோஷம். பட்டுக் காலுறை போய், உள்ளூர்க் கம்பளிக் காலுறை வந்திருந்தது. அறுபத்தேழு வாக்குமூலங்களும் அவர் கையில் இருந்தன.

"இதையெல்லாம் படிச்சேன். ராத்திரி பகலா படிச்சேன்" என்று தும்மினார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தகப்பனை இழந்த வீடு! அறுபத்தேழு பேர் அழறாங்க. இந்தப் பிள்ளைங்ககிட்ட இருந்து ஒரு தகப்பனைப் பிரிக்கற பாவத்தை நான் செய்ய மாட்டேன்."

எனக்குப் புரிய ஆரம்பித்தது.

தன்னைக் கவர்னராக நியமித்த மன்னரின் ஆணையை அவர் எடுத்தார். எங்கள் மன்னரின் அதிகாரிகளுக்கு ஒரு சலுகை உண்டு. மன்னருக்கு உள்ளூர் நிலவரம் தெரியாமல் ஆணை வந்துவிட்டது என்று தோன்றினால், அதற்குப் பணியலாம், ஆனால் நிறைவேற்றாமல் விடலாம். தோன் கஸ்பாரே வருஷத்துக்கு ஐந்தாறு ஆணைகளை அப்படிப் பணிந்து பணிந்தே மூலையில் போட்டிருக்கிறார். தோன் இசிதோரோ ஆணையை முத்தமிட்டார். தலைமேல் வைத்துக்கொண்டார். மழைத்துளி அதன்மேல் விழுந்தது.

"மன்னரின் ஆணைக்குப் பணிகிறேன்" என்றார். "ஆனா நிறைவேத்த மாட்டேன். தோன் கஸ்பார் உங்க கூடவே இருப்பார். இந்த வாக்குமூலங்களோட நான் லிமாவுக்குத் திரும்பறேன், நிலைமையை விளக்கறதுக்கு."

நான் என் வாழ்க்கையில் கேட்ட மௌனங்களிலேயே அதுதான் பெரியது. பிறகு தோன் கஸ்பார், "ஓய்!" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அடுத்த இரண்டு நாளும் ஊர் தலைகீழாகிவிட்டது. கொல்லன் ஓடினான், மச்சானைக் கட்டி வைத்ததைச் சொல்ல. நீதிபதி அவனுடைய வாக்குமூலத்தையே எடுத்துக் காட்டினார். "போன வாரம் சிலுவை மேல கை வெச்சு ஒண்ணு சொன்னே. இன்னிக்கு வேற சொல்றே. ரெண்டுல எந்தச் சத்தியத்துக்கு உன்னைத் தண்டிக்கட்டும்? நீயே சொல்லு." கொல்லன் திரும்பி வந்தான். பாஸ்குவாலா போகவே இல்லை. அகப்பையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். சாமியாரைக் கேட்டதற்கு, பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் இருக்கிறது, ஆனால் அதை முடிக்கப் பத்து மாதம் ஆகும் என்றார்.

கவர்னர் தானே தன்மேல் புகார் எழுதச் சொன்னார். "எழுது எவரிஸ்தோ! நான் கொடூரன். நான் திருடன்."

நீதிபதி அதைப் படித்துவிட்டு உருகிப்போனார். "தன்னையே தாழ்த்திக்கற இந்தப் பணிவு! இதையும் நற்சாட்சியோட சேர்த்துக் கட்டு" என்றார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை எல்லோருக்கும் ஒரே பெயர் ஞாபகம் வந்தது. சத்தியம் செய்யாதவள், புகழாதவள், தீவிலேயே ஒருத்திதான். வாயைத் திறக்காதே என்று எவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினோமோ, அவள் வாசலில் வாயைத் திற என்று கெஞ்ச ஊரே நின்றது. முன்வரிசையில் தோன் கஸ்பார், தொப்பி கையில்.

"அம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டுச் சிப்பாய்கள் தரையைப் பார்த்தார்கள். "நான்தான் உங்க புருஷனை அனுப்பினேன். நீங்க போய்ச் சொல்லுங்க. உயிர் போன வழக்கு, நானே ஒத்துக்கறேன், இங்க சாட்சி மறுசாட்சின்னு இழுக்காது. என்னைக் கைது பண்ணி லிமாவுக்குக் கொண்டுபோய்த்தான் விசாரிச்சாகணும். விலங்கு போட்டாலும் சரி. இன்னிக்கே சொல்லுங்க."

ரெமிஹியா சிப்பி உடைப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லு அக்கா" என்றான் கொல்லன். "உனக்கும் நியாயம், எங்களுக்கும் விடுதலை."

"போன மாசம் எனக்கு நிம்மதின்னு சொன்னீங்க" என்றாள் அவள். "இந்த மாசம் நியாயமா?"

எல்லோரும் போகட்டும் என்றாள். என்னை மட்டும் நிறுத்தினாள்.

"லிமாவுல யார் விசாரிப்பாங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்தத் தடவை இருக்கவில்லை. "உயர் நீதிமன்றம். அவர் மச்சினன் அங்கதான் இருக்கார். மாடியில வெயில் விழற வீடு."

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். சால்வையைச் சரிசெய்துகொண்டாள். "வா" என்றாள். "காகிதம் எடுத்துட்டு வா."

முப்பதாம் நாள், கடைசி முரசு அடித்து முடிக்கிற நேரத்தில் அவள் நீதிபதி முன்னால் நின்றாள். தோன் கஸ்பார் மணமகனைப் போல உடுத்தி வந்திருந்தார். மூட்டை முடிச்சுகள் ஏற்கெனவே கப்பலில் ஏறியிருந்தன.

"இவர் ஆணையால என் புருஷன் செத்தான். ஒரு பெட்டி சாக்லேட்டுக்காக" என்றாள்.

"உண்மை! முழு உண்மை!" என்று கத்தினார் தோன் கஸ்பார்.

நீதிபதி மூக்கைச் சிந்தினார். இது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. இந்தக் கவர்னரைக் கைது செய்து அனுப்பினால் நாற்காலியில் தானே உட்கார வேண்டியிருக்கும். "குற்றவாளியே ஒத்துக்கறதை நான் நம்ப முடியாது. அவர் மனசு பெரிய மனசு. சாட்சி இருக்கா?"

ரெமிஹியா யாரையும் பார்க்கவில்லை. என்னைக்கூட. மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. எழுத்தன் சாட்சி சொல்வதில்லை; பிறர் சொல்வதை எழுதுவான். இத்தனை வருஷமும் அந்த ஏற்பாடு எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

"நான் இருக்கேன்" என்றேன். "அந்த ஆணை என் கையெழுத்து. படகோட்டி ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னான். நானும் கேட்டேன். கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். பாஸ்குவாலாவாக இருக்கலாம். தோன் கஸ்பார் என்னை நன்றியோடு பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"சரி" என்றார் நீதிபதி, முகம் வாடி. "என்ன பரிகாரம் கேக்கறே அம்மா? லிமாவுக்கு அனுப்பவா?"

"வேண்டாங்க."

தோன் கஸ்பாரின் புன்னகை அப்படியே நின்றது.

"லிமாவுல வெயில் அடிக்குமாம்" என்றாள் ரெமிஹியா. "இவர் இங்கயே இருக்கட்டும். என் மனசு ஆறுற வரைக்கும்."

நீதிபதியின் ஜலதோஷம் அந்த நொடியில் குணமானதை நான் கண்ணால் பார்த்தேன். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப ஆறும்?"

"தெரியலைங்க. எனக்கு இதுக்கு முன்ன புருஷன் செத்துப் பழக்கம் இல்ல."

"நியாயமான கோரிக்கை!" என்றார் தோன் இசிதோரோ. "எழுது எழுத்தரே."

எழுதினேன். தன் மனம் ஆறிவிட்டது என்று விதவை ரெமிஹியா, எழுத்தர் முன்னிலையில், சிலுவையின் மேல் கைவைத்துச் சொல்லும்வரை, தோன் கஸ்பார் தே ஓலாவரியா இந்தத் தீவுகளின் எல்லையைத் தாண்டக்கூடாது. பதவியைப் பற்றி மன்னர் வேறு ஆணை இடும்வரை கவர்னராகவே தொடர்வார். மன்னரின் ஆணை வந்து சேர மூன்று நான்கு வருஷம் ஆகும். வந்தாலும் அதற்கு யாராவது பணிந்துவிடக்கூடும்.

"சண்டாளி! எங்களையும் சேர்த்து இல்ல தண்டிச்சிட்டே!" என்று கொல்லன் முணுமுணுத்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "நீங்க அறுபத்தேழு பேரும் கேட்டதுதானே?" என்றாள். அவன் அதற்கப்புறம் அவள் கத்தியை வருஷம் முழுவதும் இலவசமாகச் சாணை பிடித்துக் கொடுக்கிறான்.

கப்பல் மறுநாள் போயிற்று. தோன் இசிதோரோ மேல்தளத்தில் நின்று கையசைத்தார். மூட்டை முடிச்சுகளை இறக்க மறந்துவிட்டார்கள். கவர்னரின் நல்ல துணிகளெல்லாம் லிமாவில் வெயில் காய்கின்றன.

முதல் மாதம் கவர்னர் அறையை விட்டு வரவில்லை. இரண்டாம் மாதம் ரெமிஹியா வீட்டுக்கு இரண்டு சிப்பாய்களிடம் விறகு கொடுத்தனுப்பினார். அவள் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் மாதம் தானே சுமந்துபோனார். வாங்கிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மனம் எதனால் ஆறும் என்று அவருக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் முயன்று பார்க்க வேண்டியதாயிற்று. தொழுவில் ஆள் கட்டுவதை நிறுத்தினார். வடக்குக் காற்று அடிக்கும்போது படகோட்டியைக் கேட்காமல் எந்தப் படகும் கிளம்பக்கூடாது என்று ஆணை போட்டார். வேறொரு படகோட்டியின் மனைவி ரெமிஹியாவின் தோழி என்று யாரோ சொன்னதால், அந்தப் படகுக்குப் புதுத் தையல் போட்டுக்கொடுத்தார். நல்ல ஆளாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆள் செய்வதையெல்லாம் செய்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார். ஊருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அவர் போக வேண்டும் என்று இப்போது யாரும் அவசரப்படுவதும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாள், காகிதமும் மைக்கூடும் சிலுவையும் எடுத்துக்கொண்டு நான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அது தீர்ப்பின்படி என் கடமை. முதல் வருஷம் கேட்டேன்; தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று எழுதினேன்.

இந்த வருஷம் போனபோது உட்காரச் சொல்லி, புகையிட்ட சிப்பியும் கிழங்கும் வைத்தாள். வேலிக்கு வெளியே தோன் கஸ்பார் மழையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. நான் சாப்பிட்டேன். அவள் வாசல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்திருந்தேன். அவளோடு அப்படி உட்கார்ந்திருப்பது இப்போதெல்லாம் முன்போலக் கஷ்டமாக இல்லை.

"மனசு ஆறிச்சா அக்கா?"

"இந்த வருஷம் கொஞ்சம் தேவலை" என்றாள் வெகுநேரம் கழித்து. "ஆனா இன்னும் இல்ல."

எழுதினேன். மை உலர்வதற்காகக் காத்திருந்து, மடித்து, வேலியருகே வந்தேன். கவர்னர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தூரத்தில் கப்பலில் பாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னா?"

சொன்னேன்.

"'கொஞ்சம் தேவலை'ன்னா? அதையும் எழுதினியா?"

"எழுதினேன் ஐயா."

"பெரிய எழுத்தா எழுதினியா?" என்று கேட்டார் தோன் கஸ்பார் தே ஓலாவரியா, மன்னரின் காலாட்படையில் கர்னல், தொப்பியைக் கையில் பிடித்தபடி.